உச்சி ஏறிச் சாகும் புழு

மக்காச்சோளத்துப் படைப்புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. குஞ்சாக இருக்கும்போது சில நாள் இலையின் பச்சையைச் சுரண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கிவிடும். இரண்டு பெரிய புழுக்கள் ஒரே குருத்தில் சேர்ந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும் என்பதால் பெரும்பாலும் குருத்துக்கு ஒரு புழுதான். அதன் எச்சமே மேலே அடைத்துக்கொண்டு நிற்கும். மருந்து அடிப்பவருக்கு இதுதான் பெரிய தொல்லை. டேங்க் டேங்காக அடித்தாலும் கரைசல் இலையில் வழிந்து ஓடும். புழு உள்ளே பத்திரமாக இருக்கும்.

தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர்ப் பக்கம் புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளம் போட்டவர்கள், ஐப்பசி மழை விட்டுக் காலையில் பனி இறங்கும் நாட்களில் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காண வாய்ப்புண்டு. அதே புழு பட்டப்பகலில் மேல் இலையில் அப்பட்டமாகக் கிடக்கும். தலையில் தலைகீழ் 'ஒய்' கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. சந்தேகமே வேண்டாம், படைப்புழுதான். ஆனால் விரலால் தட்டினால் சுருளாது. உடம்பு குச்சியாக விறைத்திருக்கும். வயிற்றுப்புறத்துக் குட்டைக் கால்கள் இலையை இறுகப் பற்றியிருக்கும். இழுத்தால் சட்டென்று வராது. கணுக்களின் இடுக்கிலிருந்து வெள்ளைப் பூஞ்சணம் கிளம்பி உடம்பை மூடியிருக்கும். காற்றில் ஈரம் இருந்தால் ஓரிரு நாளில் அந்த வெள்ளை, வெளிறிய பச்சைப் பொடியாக மாறும். ஊதினால் பறக்கும். காற்று காய்ந்துபோனால் பச்சையாகாமல் வெள்ளையாகவே நின்றுவிடும்.

அந்தப் பொடி முழுக்க வித்துகள். 'மெட்டாரைசியம் ரைலியை' என்பது பூஞ்சையின் பெயர். பழைய பாடப்புத்தகங்களிலும் பல வேளாண் அலுவலகங்களிலும் இன்னும் 'நொமுரேயா ரைலியை' என்றே வழங்குகிறது. 2014இல் மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் அதை மெட்டாரைசியம் பேரினத்தோடு சேர்த்தார்கள். நிலக்கடலையிலும் சோயாவிலும் வெட்டுப்புழுவைக் கொல்லும் பூஞ்சையாக இந்தியப் பூச்சியியலாளர்களுக்கு இது பல ஆண்டுப் பழக்கம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆப்பிரிக்கா வழியாக வந்த படைப்புழு 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டது. அதே ஆண்டு முடிவதற்குள் அங்கத்திய மக்காச்சோள வயல்களில் இந்தப் பூஞ்சை அதையும் பிடித்துக் கொன்றிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். வந்த பூச்சி புதிது. அதற்குக் காத்திருந்த நோய் பழையது.

நோய் பற்றும் விதம் எளிமையானது. வித்து புழுவின் தோல்மேல் ஒட்டும். ஈரம் இருந்தால் முளைத்து ஒரு குழாயை நீட்டும். புழுவின் தோல் கைட்டினும் புரதமும் சேர்ந்தது. இரண்டையும் கரைக்கும் நொதிகள் பூஞ்சையிடம் உண்டு. பாக்டீரியா, வைரஸ் போலத் தின்னும் இலையோடு வயிற்றுக்குள் போக வேண்டிய அவசியம் பூஞ்சைக்கு இல்லை, தோல்வழியே நுழையும். உள்ளே போனதும் இழையாக நீளாமல், தனித்தனிச் சின்னச் செல்களாகப் பிரிந்து புழுவின் ரத்தத்தில் மிதந்து பெருகும். ஏறத்தாழ ஒரு வாரம். அதுவரை புழு தின்றுகொண்டுதான் இருக்கும், பசி மட்டும் குறையும். கடைசியில் குருத்தை விட்டு வெளியே வரும், மேலே ஏறும், பற்றிக்கொள்ளும், சாகும்.

நமக்கு வேண்டிய கேள்வி இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. நோயுற்ற உயிர் சுருண்டு ஒதுங்குவதுதான் வழக்கம். வாழ்நாள் முழுக்க ஒளிந்து கிடந்த புழு, சாகப்போகும் நேரத்தில் ஏன் வெட்டவெளிக்கு ஏறுகிறது?

பூஞ்சையின் பக்கம் இருந்து பார்த்தால் விடை கண் முன்னே இருக்கிறது. குருத்துக்குள் செத்தால் வித்துகள் எச்சத்தோடு எச்சமாக அங்கேயே கிடக்கும். மேல் இலையில் செத்தால் காற்றடிக்கும். கீழ் இலைகளிலும் பக்கத்துச் செடியிலும் உதிரும். அங்கே முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் அதைத் தொட்டே ஆகவேண்டும். உயரத்தில் சாகவைக்கும் பூஞ்சைக்கு வாரிசு அதிகம். இப்படிப்பட்ட நோய்களை உலகமெங்கும் பூச்சியியலாளர்கள் 'உச்சி நோய்' என்ற ஒரே தலைப்பில் வைக்கிறார்கள். வெட்டுக்கிளி, வீட்டு ஈ, கம்பளிப்புழு எனப் பல இனங்களில், உறவே இல்லாத பூஞ்சைகளும் வைரஸ்களும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆனால் 'மேலே' என்பது விதி இல்லை. இதற்கு உலகப் புகழ்பெற்ற எறும்பையே பார்க்கலாம். தாய்லாந்தின் தென்கோடிக் காட்டில் மர உச்சியில் கூடு கட்டும் ஒரு கட்டெறும்பு இனம் உண்டு. ஓஃபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை பிடித்தால் அந்த எறும்புக்கு வலிப்பு வரும், மரத்திலிருந்து விழும், மீண்டும் கூட்டுக்கு ஏறாது. தரையிலிருந்து ஏறத்தாழ 25 செ.மீ. உயரத்தில் ஒரு செடியைத் தேடி, இலையின் அடிப்பக்கம் போய், நரம்பை ஓங்கிக் கடிக்கும். கடிக்கும் நேரம் பெரும்பாலும் உச்சிப் பொழுதை ஒட்டியது. சில மணி நேரத்தில் உயிர் போகும், கடி விடாது. பிறகு பிடரியிலிருந்து ஒரு காம்பு முளைத்து, வித்துகளைக் கீழே போகும் எறும்புகளின் பாதையில் உதிர்க்கும். ஆய்வாளர் டேவிட் ஹியூஸும் அவரது குழுவினரும் செத்த எறும்புகளை இலையோடு எடுத்து இடம் மாற்றிப் பார்த்தார்கள். மர உச்சிக்குக் கொண்டுபோனால் பூஞ்சை ஒழுங்காக வளரவில்லை; தரையில் வைத்தால் உடல்களே காணாமல் போயின. அந்த 25 செ.மீ. உயரத்தின் ஈரமும் நிழலும்தான் அந்தப் பூஞ்சைக்கு ஏற்ற இடம். படைப்புழு ஏற வேண்டியிருக்கிறது, எறும்பு இறங்க வேண்டியிருக்கிறது. எது பூஞ்சைக்கு லாபமோ அந்த உயரம்.

இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1859இல் சுலவேசித் தீவில் சேகரித்த எறும்புகளில் இந்தப் பூஞ்சை இருந்தது. 1865இல் பிரான்சின் துலான் சகோதரர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். ஜெர்மனியின் மெசல் சுரங்கத்தில் கிடைத்த 4.8 கோடி ஆண்டுப் பழைய இலைப் படிவம் ஒன்றில், நரம்பின் மேல் இதே கடித் தழும்புகள் வரிசையாக இருப்பதை 2010இல் காட்டினார்கள். இமயமலையில் கிலோ பல லட்சத்துக்கு விலைபோகும் 'கீடா ஜடி' என்ற பூஞ்சையும் இந்தக் கூட்டம்தான். மண்ணுக்குள் வாழும் புழு, சாகும் முன் தலை மேல்நோக்கி இருக்கும்படி மேல்மண்ணுக்கு அருகே வந்து கிடக்கும்; அதன் தலையிலிருந்து காம்பு மண்ணைப் பிளந்து வெளியே வரும்.

எறும்பின் கதை 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற வீடியோ விளையாட்டாக 2013இலும் தொலைக்காட்சித் தொடராக 2023இலும் வந்தபிறகு, பூஞ்சை மூளைக்குள் புகுந்து ஆட்டிவைக்கிறது என்பது யூடியூபில் பாலபாடம் ஆகிவிட்டது. நடந்த ஆய்வு வேறு சொல்கிறது. 2017இல் மாரிடெல் ஃப்ரெடெரிக்சன் முதலானோர், இலையைக் கடித்துப் பிடித்த எறும்புகளை மெல்லிய சீவல்களாக அறுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, எது பூஞ்சைச் செல், எது எறும்புச் செல் என்று கணினியைக்கொண்டு பிரித்துப் பார்த்தார்கள். தலை, மார்பு, வயிறு, கால் எங்கும் பூஞ்சை. தசை நார்களைச் சுற்றிப் பூஞ்சைச் செல்கள் ஒன்றோடொன்று குழாயால் இணைந்து வலை பின்னியிருந்தன. மூளைக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. மூளையைச் சுற்றிக் குவிந்திருந்தன, உள்ளே போகவில்லை. மூளையின்மேல் வேதிப்பொருள் வழியே செல்வாக்கு இருக்கலாம். ஆனால் ஓட்டுநர் இருக்கையில் பூஞ்சை ஏறி உட்கார்ந்திருக்கிறது என்ற படம் பொய். மனிதருக்குத் தொற்றும் என்ற பயமும் வேண்டாம். இந்தப் பூஞ்சைகளில் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே எறும்பினத்தோடு லட்சக்கணக்கான ஆண்டு பழகியவை. பக்கத்து இன எறும்பில் ஏற்றினாலே தடுமாறும்.

தடுமாற்றம் என்றது வெறும் பேச்சுக்கு இல்லை. 2014இல் ஷார்லீஸ் டி பெக்கரின் குழு, ஓஃபியோகார்டிசெப்ஸை அதன் வழக்கமான எறும்பிலும் வழக்கமில்லாத எறும்புகளிலும் ஊசிவழி ஏற்றிப் பார்த்தது. எல்லாவற்றையும் அது கொன்றது. இலையைக் கடிக்கவைத்தது வழக்கமானவற்றை மட்டும். கொல்வதற்கு நொதி போதும். நடத்தையை மாற்றுவதற்கு அந்த ஒரு உடலின் நரம்பு வேதியியலைத் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்க வேண்டும். இந்தத் துறையில் மிக முக்கியமான ஆய்வு எது என்று கேட்டால், நான் காட்டுவது இதைத்தான். ஏன் என்பதற்கு மருந்துக்கடைக்கு வரவேண்டும், வருவோம்.

அதற்குமுன் ஈ. வீட்டு ஈயைக் கொல்லும் 'எண்டோமாஃப்தோரா மஸ்கே' பூஞ்சையை 1855இல் ஃபெர்டினாண்ட் கோன் விவரித்தார். அதன் நோய் கண்ட ஈ மாலை வேளையில் உயரமான இடத்துக்கு ஏறும், உறிஞ்சுகுழலை நீட்டி இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும், இறக்கைகளை மேலே தூக்கும், செத்துப்போகும். இறக்கை தூக்கியிருப்பதால் முதுகும் வயிறும் வெளியே தெரியும். அங்கிருந்துதான் வித்துகள் பீரங்கிக் குண்டாகத் தெறிக்கும். செத்த பெண் ஈயின்மேல் பூஞ்சை ஒருவகை வாசனையைக் கிளப்பும். அதை முகர்ந்து ஆண் ஈக்கள் பிணத்தோடு இணைசேர வரும், நோயோடு திரும்பும் என்று 2022இல் டென்மார்க், சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதன் உள் இயக்கம்தான் இன்றைக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. பழ ஈயிலும் இந்தப் பூஞ்சை பற்றும் என்று கண்ட கேரலின் எலியா, 2023இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கணக்கான ஈக்களின் கடைசி மணி நேரங்களை வீடியோவில் தொடர்ந்தார். ஏறுவது என்று நாம் சொல்வது உண்மையில் சாவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் வரும் திடீர் நடை வேகம். அதன்பின்னே இருப்பது ஈயின் சொந்த உறுப்புகள்: நாள் பொழுதைக் கணிக்கும் சில நரம்புச் செல்கள், அவற்றோடு தொடர்புள்ள இன்னொரு நரம்புக் கூட்டம், கடைசியாக இளமை ஹார்மோனைச் சுரக்கும் சுரப்பி. அந்த நரம்புகளை முடக்கினால் நடை வேகம் குறைந்தது. இன்னும் வியப்பு: நோயுற்ற ஈயின் ரத்தத்தை எடுத்து நோயில்லாத ஈக்குள் செலுத்தினால், அதுவும் வேகமாக நடக்கத் தொடங்கியது. ஆக, ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் சுற்றுகிறது. அது ஈயிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு கம்பியைச் சுண்டுகிறது. புதிதாக ஒரு நடத்தையைப் பூஞ்சை கற்பிக்கவில்லை. உள்ளதைத் தவறான நேரத்தில் தூண்டுகிறது.

இதே விதமான தூண்டலைப் பார்க்க ஆய்வுக்கூடம் போக வேண்டாம். தேனி மாவட்டத்தில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் மனையில் பார்க்கலாம். 'பால் புழு நோய்' வந்த புழு தோல் பளபளத்து, கணுக்கள் வீங்கி, தொட்டால் பால்போல் நீர் கசியும். ஆரோக்கியமான பட்டுப்புழு படுக்கையை விட்டு அசையாது. தழை போட்ட இடத்திலேயே கிடந்து தின்னும். பால் புழுவோ நிலைகொள்ளாமல் படுக்கையின் ஓரத்துக்கும் தாங்கியின் விளிம்புக்கும் ஊர்ந்துகொண்டே இருக்கும். மனையில் பழகியவர்கள் முதலில் கவனிப்பது இந்த ஓட்டத்தைத்தான். இது பூஞ்சை இல்லை, வைரஸ். 2005இல் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த வைரஸிலிருந்து 'பிடிபி' என்ற ஒரே ஒரு மரபணுவை நீக்கினார்கள். நோய் வந்தது, புழு செத்தது, ஓட்டம் வரவில்லை. காட்டில் கம்பளிப்புழுக்களைக் கொல்லும் இதன் உறவுக்கார வைரஸ் ஒன்றில், 'ஈஜிடி' என்ற மரபணு புழுவின் தோலுரிப்பு ஹார்மோனைச் செயலிழக்கச் செய்வதையும், அதை நீக்கினால் புழுக்கள் மர உச்சியில் சாகாமல் கீழேயே சாவதையும் 2011இல் கெல்லி ஹூவரின் குழு காட்டியது. காய்ப்புழுவின் வைரஸில் சீன ஆய்வாளர்கள் 2022இல் வேறொரு வழியைக் கண்டார்கள். அங்கே வைரஸ் தொடுவது பார்வையை: புழு வெளிச்சத்தை நோக்கி இழுக்கப்படுகிறது, செடியின் மேல்தான் வெளிச்சம், அதனால் ஏறுகிறது.

தமிழ்நாட்டுப் பருத்தி, துவரை விவசாயிகளுக்கு இந்த வைரஸ் என்.பி.வி. என்ற பெயரில் அறிமுகமானது. செடியின் நுனியில் தலைகீழாகத் தொங்கும் கருத்த புழுக்களைப் பொறுக்கி, நீரில் ஊறவைத்து, வடிகட்டித் திரும்ப அடிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. எக்டருக்கு 250 புழுச் சமன், கொஞ்சம் வெல்லம், வெயில் தணிந்த மாலை நேரம் என்பது பழைய பரிந்துரை. புழு மேலே தொங்குவது வைரஸுக்கு வசதி. பொறுக்குகிற ஆளுக்கும் வசதி.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. நோயுற்ற பூச்சி விநோதமாக நடந்தால் அதெல்லாம் கிருமியின் சூழ்ச்சி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பூஞ்சை பிடித்த வீட்டு ஈ தொடக்கத்தில் சூடான இடத்தைத் தேடிப் போகும். அந்தச் சூட்டில் பூஞ்சை நலியும். அது ஈயின் வைத்தியம். நமக்கு உடம்பு கொதிப்பதும் இதற்காகத்தான். ஜெர்மனியில் ஒரு சின்ன எறும்பினத்தில் பூஞ்சை பற்றிய வேலைக்காரிகள் கூட்டை விட்டு வெளியேறித் தனியே போய்ச் செத்தன. 2010இல் அதைப் பார்த்த ஆய்வாளர்கள், கரியமில வாயுவால் ஆயுள் குறைக்கப்பட்ட, நோயே இல்லாத எறும்புகளும் அதேபோல் வெளியேறிச் சாவதைக் கண்டார்கள். அப்படியென்றால் வெளியேறுவது பூஞ்சையின் வேலை இல்லை. கூட்டைக் காக்க எறும்பு செய்வது. யார் யாருக்காக நடக்கிறார்கள் என்று சொல்வதற்குமுன், அதனால் யாருக்கு வாரிசு கூடுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். நம் படைப்புழு விஷயத்திலும் உயரம் பூஞ்சைக்கு லாபம் என்பதைச் சொல்லலாம்; அதன் ரத்தத்தில் எந்தப் பொருள் எந்த நரம்பைச் சுண்டுகிறது என்பது பழ ஈ அளவுக்கு இன்னும் பிரித்துப் பார்க்கப்படவில்லை.

இனி மருந்துக்கடை. பெவேரியா, மெட்டாரைசியம், வெர்டிசிலியம் என்று பொட்டலங்கள் கம்பம், சின்னமனூர்க் கடைகளில் கிடைக்கின்றன. வாழைத் தண்டுக் கூன்வண்டுக்கு, தென்னைக் காண்டாமிருக வண்டின் எருக்குழிப் புழுவுக்கு, காப்பிச் செடியின் பச்சைச் செதிலுக்கு என்று பயன்பாடும் பல. பச்சைச் செதில்மேல் வெண்வளையப் பூஞ்சையைச் சோதித்து ஈஸ்வரமூர்த்தியும் ஜெயராஜும் எழுதிய கட்டுரை 1978இலேயே வந்தது. தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை புதிதல்ல. மலைமேல் ஏலத்தோட்டங்களில் இலைப்பேனைக் கொல்லும் லெக்கானிசிலியம் பூஞ்சை ஒன்றைக் கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2015இல் விவரித்தார்கள். இவற்றில் எதுவும் பூச்சியை உச்சிக்கு ஏற்றி இலையைக் கடிக்கவைப்பதில் பேர்போனது இல்லை. பெவேரியா 700க்கு மேற்பட்ட பூச்சி இனங்களைப் பிடிக்கும். அத்தனை உடலின் நரம்புச் சாவியையும் ஒரே பூஞ்சை கையில் வைத்திருக்க முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. கிடைத்த இடத்தில் கொன்று, கிடைத்ததைத் தின்று, மண்ணிலும் காலம் தள்ளும். ஓஃபியோகார்டிசெப்ஸ் போன்ற நுட்பக்காரர்களோ ஆய்வுக்கூடத் தட்டில் வளர்வதற்கே அடம்பிடிப்பவர்கள். விற்பனைக்கு வரும் பூஞ்சைகளுக்கு நடத்தை வித்தை தெரியாது. வித்தை தெரிந்தவை விற்பனைக்கு வாரா. டி பெக்கரின் ஆய்வு வயலில் தரும் பொருள் இது.

படைப்புழுவைக் கொல்லும் ரைலியை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அந்துப்பூச்சிப் புழுக்களோடு, அதிலும் வெட்டுப்புழுக் குடும்பத்தோடு, தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். தேன்பூச்சியைத் தொடாது, பொறிவண்டைத் தொடாது. வளர்ப்பதற்கு மால்டோஸ் சர்க்கரை சேர்த்த ஊடகம் கேட்கும், மெதுவாக வளரும். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தார் தானியத்தின்மேல் வளர்த்துக் கர்நாடகத்தின் சோயா, நிலக்கடலை வயல்களுக்குக் கொடுத்த அனுபவம் உண்டு. ஆனாலும் பெவேரியா அளவுக்குக் கடைக்கு வந்து சேரவில்லை. ஆகவே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வானம் கொடுப்பதுதான். அதற்குத் தேவை, இலைமேல் நீண்ட நேரம் தங்கும் ஈரமும் 25 டிகிரியை ஒட்டிய வெப்பமும். மேற்கே குமுளி மலையைத் தாண்டிச் சாரல் எட்டிப்பார்க்கும் கூடலூர், கம்பம் பக்கமும், வடகிழக்கு மழையை நம்பியிருக்கும் கடமலை-மயிலாடும்பாறைப் பக்கமும் ஆண்டில் சில வாரங்கள் இந்த இரண்டும் கூடிவரும். கோடையில் வராது. கோடை மக்காச்சோளத்தில் இந்தப் பூஞ்சையை எதிர்பார்ப்பது வீண்.

அந்தச் சில வாரங்களையும் நாமே கெடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் எனக்குள்ள வருத்தம். திராட்சைப் பந்தலில் அடிச்சாம்பல் போன்ற நோய்களுக்குப் பயந்து மேன்கோசெப்பும் கார்பன்டாசிமும் அடித்துப் பழகிய கை, மக்காச்சோளத்தில் இலை கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் புழுமருந்தோடு பூஞ்சாணக்கொல்லியையும் ஒரே டேங்கில் கலந்துவிடுகிறது. பூஞ்சாணக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை தெரியாது. அந்த இரண்டு மருந்துகளும் ரைலியையின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுப்பவை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. காசு கொடுத்து ஒரு மருந்தை வாங்கி, காசில்லாமல் வந்த இன்னொரு மருந்தைக் கொல்கிறோம்.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். மக்காச்சோளத்தில் நண்பனான இதே பூஞ்சை பட்டுப்புழுவுக்கு எமன். பட்டு வளர்ப்பில் 'சுண்ணாம்புக்கட்டி நோய்' என்பார்கள்; புழு செத்து, விறைத்து, வெள்ளைக் கட்டியாகிவிடும். அந்த வெள்ளை வகைக்குக் காரணம் பெவேரியா. கிருமியால் நோய் வரும் என்பதை ஒரு விலங்கில் முதன்முதலாக நிறுவியதே இந்த நோயை வைத்துத்தான். இத்தாலியின் அகோஸ்டினோ பாஸ்ஸி 1835இல் அதை வெளியிட்டார், பூஞ்சையின் முழுப்பெயரும் அவர் பெயரைத் தாங்கியது. பச்சை வகையை உண்டாக்குவது ரைலியை. மழைக்கால மனையில் சுண்ணாம்புத்தூள் தூவி ஈரத்தைக் குறைப்பதும், படுக்கைக் கிருமிநாசினிப் பொடி போடுவதும் இதற்காகத்தான். ஒரே குடும்பத்தில் அண்ணன் மக்காச்சோளமும் தம்பி மல்பெரியும் வைத்திருக்கும் ஊர்களில், மக்காச்சோளத்துக்குள் இறங்கி வந்தவர் கைகால் கழுவாமல், உடை மாற்றாமல் மனைக்குள் நுழையக் கூடாது. பூஞ்சைப் பொட்டலத்தை மல்பெரித் தோட்டத்தின் பக்கத்தில் அடிப்பதும் ஆபத்து.

மற்றபடி மக்காச்சோளக்காரருக்கு வேண்டுவது கொஞ்சம் பொறுமையும் கண்ணும். மழை விட்ட பிறகு மருந்து அடிக்கத் தோன்றினால், டேங்கைத் தூக்குமுன் வயலில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு நடை போய் மேல் இலைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ விறைத்த புழுக்கள் அங்கங்கே கண்ணில் பட்டால், அவற்றைப் பறித்து எறியாதீர்கள், எரிக்காதீர்கள். அந்த வாரம் பூஞ்சாணக்கொல்லியைத் தொடாதீர்கள். குருத்தைப் பிரித்து, உயிரோடு இருக்கும் புழு எத்தனை என்று எண்ணிய பிறகு மருந்தைப் பற்றி முடிவெடுங்கள். எந்தப் பூஞ்சை என்று உறுதிசெய்ய வேண்டுமானால், விறைத்த புழுவை இலையோடு கத்தரித்துக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்து அழுகிவிடும். வைகை அணை வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்திலோ காட்டிக் கேளுங்கள்.